நஞ்சுக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

கண்டி மாநகரிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பெருவீதியில், மகாவலி கங்கை வளைந்தோடும் கரையருகே, கெட்டம்பே என்னும் இடம் அமைந்துள்ளது. அங்குள்ள விகாரையையும் விளையாட்டு மைதானத்தையும் அறியாதார் கண்டிச் சீமையில் அரியர். அதே கெட்டம்பேயில் அரசாங்க அலுவலகம் ஒன்றும் உண்டு. அதனைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். பீடைகொல்லிகள் பதிவாளரின் அலுவலகம் அது. பூச்சியைக் கொல்லும் மருந்தாயினும், களையைக் கருக்கும் மருந்தாயினும், பயிரின் நோயைத் தீர்க்கும் மருந்தாயினும், இலங்கைத் தீவில் விலைக்கு வரும் ஒவ்வொரு போத்தலின் பெயரும் அவ்வலுவலகத்தின் பதிவேட்டில் ஏறியிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வெங்காயத் தறையில் தெளிக்கப்படும் மருந்தும், அம்பாறை வயலில் தெளிக்கப்படும் மருந்தும், புசல்லாவைத் தேயிலை மலையில் தெளிக்கப்படும் மருந்தும் கெட்டம்பேயின் இசைவு பெற்றே செல்கின்றன.

மோட்டார் வண்டி ஓட்டுபவரிடம் அனுமதிப்பத்திரம் கேட்கிறோம். துவக்கு வைத்திருப்பவரிடமும், மருந்துக்கடை நடத்துபவரிடமும் அவ்வாறே கேட்கிறோம். ஒருவர் செய்யும் தவறு மற்றொருவரின் உயிரைப் போக்கவல்லது என்று கண்ட இடத்திலெல்லாம், கற்றுத் தேர்ந்தவரே அத்தொழிலைச் செய்யவேண்டும் என்று சமுதாயம் விதி வகுத்துள்ளது. அப்படியாயின் முதுகிலே நஞ்சைச் சுமந்து, குழாயைக் கையிலே பிடித்து, நாம் உண்ணும் மரக்கறியின் மீதும் பருகும் தேயிலையின் மீதும் தெளிப்பவரிடம் எந்தப் பத்திரம் கேட்கப்படுகிறது? போத்தலுக்கு அனுமதி உண்டு. அதை விற்கும் கடைக்கும் அனுமதி உண்டு. தெளிக்கும் கைக்கு உண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண, கண்டி மலைநாட்டின் வரலாற்றை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளை ஆண்டது கோப்பிப் பயிர். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படியும் ஒரு புதிய நோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பார்க்லி என்னும் அறிஞர் அது ஒருவகைப் பூஞ்சணம் என்று கண்டு அதற்குப் பெயரும் இட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்து நோய் பரவும் முறையை நுணுகி ஆராய்ந்தார். காற்றிலே பறக்கும் வித்துக்களே நோயைப் பரப்புகின்றன என்று அவர் காட்டினார். ஆயினும் பயிரைக் காக்கும் மருந்து அப்போது எவர் கையிலும் இருக்கவில்லை. நீலத்துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவையின் பயனைப் பிரான்சு நாட்டில் மில்லார்டே என்பவர் உலகுக்கு அறிவித்தது 1885இல்தான். அதற்குள் கோப்பியின் அழிவு உறுதியாகிவிட்டது. 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்டிருந்த தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு பயிரின் நோயால் ஒரு நாட்டின் பொருளாதாரமே சரியும் என்ற பாடத்தை அரசாங்கம் மறக்கவில்லை. பேராதனை பயிர்நோய் ஆராய்ச்சியின் தலைநகராயிற்று. பூச்சியியல் அறிஞர் ஏர்னஸ்ட் கிறீன் அங்கே அரசாங்கப் பணியில் அமர்ந்து இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி விரிவான நூல் எழுதினார். 1912இல் விவசாயத் திணைக்களம் அமைந்தது. 1924இல் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டிலிருந்து நோயும் பூச்சியும் நாட்டினுள் நுழையாமல் தடுப்பதும், நுழைந்தவை பரவாமல் காப்பதும் அதன் நோக்கம். அக்காலச் சட்டத்தின் பார்வை பீடையின் மீதே இருந்தது. பீடையைக் கொல்லும் நஞ்சின் மீது அது இன்னும் திரும்பவில்லை. பயிருக்கு அடிக்கும் நஞ்சுகள் அன்று மிகச் சிலவே. அவற்றைப் பயன்படுத்தியோரும் மிகச் சிலரே. ஆதலின் அதைக் குறையென்று கூறுவதற்கில்லை.

நஞ்சு பெருமளவில் இத்தீவுக்கு வந்தது உழவுக்காக அன்று. மக்களின் உயிர் காக்கவே வந்தது. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் பெருங்கொள்ளை நோயாகப் பரவியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகக் கொடிய துன்பத்துக்கு ஆளாயின. 1934–35 கொள்ளை நோயில் மாண்டோர் தொகை ஏறத்தாழ 80,000. இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் டீ.டீ.ரீ. மருந்தை வீடுகளின் சுவர்களில் தெளிக்கும் பணி தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கு மாத்திரமே மலேரியா கண்டது. அதன் பின்னர் விழிப்புத் தளரவே, 1968–69இல் நோய் மீண்டும் பெருக்கெடுத்தது. டீ.டீ.ரீ.யை நுளம்புகள் தாங்கப் பழகிவிட்டமையால், 1977 முதல் மலத்தியன் என்னும் மருந்து பயன்பட்டது. 2016 செப்டெம்பரில், இலங்கை மலேரியா நீங்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இப்பணியில் நேயர்கள் கருதவேண்டிய ஒன்று உண்டு. சுவருக்கு மருந்தடித்தவர்கள் அரசாங்கத்தின் குழுக்களைச் சேர்ந்தவர்கள். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு நீர், குழாயைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்பவற்றை அவர்கள் கற்றிருந்தனர். அவர்களுக்கு மேல் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அதாவது, நஞ்சு தெளிப்பது பயிற்சி வேண்டும் தொழில் என்பதைச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்திலோ நிலைமை வேறு.

1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இளங்கொழுந்தையே அழிக்கும் இந்நோய் கோப்பியின் கதியைத் தோட்டத் துரைமாருக்கு நினைவூட்டியிருத்தல் வேண்டும். செம்பு கலந்த மருந்துகளைத் தெளிப்பது மலைத்தோட்டங்களின் வழக்கமான வேலையாயிற்று. காலைப் பெரட்டில் கொழுந்து பறிப்போர், கவ்வாத்து வெட்டுவோர், புல்லு வெட்டுவோர் என்று ஆள் பிரிப்பது போல, மருந்தடிப்போர் என்றும் ஆள் பிரிக்கலாயினர். கணக்கப்பிள்ளை காட்டும் மலையில், கங்காணி சொல்லும் அளவில், மருந்தைக் கரைத்துத் தெளிப்பதே அவர்களுக்குக் கிடைத்த கல்வி.

இதே காலத்தில் கண்டி மாவட்டம் உள்ளிட்ட நடுமலைத் தோட்டங்களை வேறொரு பீடையும் வாட்டியது. தேயிலைக் கிளையில் குண்டு துளைத்தாற்போல் சிறு துளையிட்டு உட்புகும் வண்டு அது. நாவலப்பிட்டிப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தேயிலையில் காணப்பட்ட அவ்வண்டை ஒழிக்க, 1950களின் பிற்பகுதி முதல் டீல்ட்ரின் என்னும் கடும் மருந்து தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது. ஆனால் எவரும் எதிர்பாராத மற்றொரு பகை தலைதூக்கியது. இலைகளை ஒன்றோடொன்று பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு பெருகத் தொடங்கியது. காரணம் என்ன? அப்புழுவை அடக்குவதற்காக 1935–36இல் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டிருந்தது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு, அதன் இனத்தைப் பெருகவொட்டாமல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவந்தது. டீல்ட்ரின் வண்டைக் கொன்றபோது குளவியையும் கொன்றுவிட்டது. காவற்காரன் மாண்டபின் கள்வனுக்கு என்ன அச்சம்? இவ்வுண்மையைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1960களில் ஆராய்ந்து எழுதினர். அமெரிக்காவில் இரேச்சல் காசன் அம்மையார் ‘மௌன வசந்தம்’ என்ற நூலை வெளியிட்டு உலகை எழுப்பியது 1962இல். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைச் செடியும் அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏனைய நாடுகளில் சட்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் இவ்விடத்திற் காண்போம். பிரித்தானியாவில் கடுமையான களைகொல்லிகளைத் தெளித்த தொழிலாளர் சிலர் இறந்ததை அடுத்து, 1952இல் ஒரு சட்டம் பிறந்தது. நஞ்சைக் கையாளும் வேலையாளுக்குப் பாதுகாப்பு உடை முதலியவற்றை வழங்குவது முதலாளியின் கடமை என்று அது விதித்தது. அந்நாளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிற் பல பிரித்தானியக் கம்பனிகளுக்கே உரியனவாக இருந்தன. ஆனால் அச்சட்டம் இலங்கைக்கு உரியதன்று.

இந்தியாவைச் சட்டத்தின் வழிக்குத் திருப்பியது கேரளத்தில் நிகழ்ந்த ஒரு கொடுமை. 1958இல் கப்பலில் வந்த கோதுமை மாவுடன், அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பரத்தியன் என்னும் பூச்சிமருந்து கசிந்து கலந்தது. அம்மாவை உண்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் பயனாக விசாரணை நடந்தது. 1968இல் இந்தியப் பூச்சிகொல்லிச் சட்டம் நிறைவேறியது.

தெளிப்பவருக்கே தேர்ச்சி வேண்டும் என்று வெளிப்படையாக விதித்த நாடுகளுள் முன்னிற்பது அமெரிக்கா. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடும் நஞ்சுகள் தனியே வகைப்படுத்தப்பட்டன. அவற்றைத் தேர்ச்சிச் சான்று பெற்றவரோ, அவரது மேற்பார்வையில் இயங்குபவரோ மாத்திரமே தெளிக்கலாம். ‘மேற்பார்வையில்’ என்ற அச்சொல்லைக் கவனித்தல் வேண்டும். பண்ணை உடைமையாளர் சான்று பெற்றுக்கொண்டால், கூலிக்கு வரும் தொழிலாளி சான்று இன்றியே குழாயைப் பிடிக்கலாம். அந்தத் தொழிலாளிக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்ற விதி 1992இல்தான் முறையாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் பிறப்பித்த கட்டளை மேலும் ஒரு படி சென்றது. தொழிலாக மருந்து தெளிக்கும் ஒவ்வொருவரும் சான்று பெறவேண்டும் என்றும், சான்று இல்லாதவருக்கு அத்தகைய மருந்தை விற்கலாகாது என்றும் அது கூறியது.

இனி இலங்கைக்குத் திரும்புவோம். உயர்விளைச்சல் நெல்லினங்களும் சந்தைக்கான மரக்கறிச் செய்கையும் பரவப் பரவ, மருந்தின் தேவையும் பெருகியது. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் புதுப்புதுப் பெயர்களில் போத்தல்கள் கடைகளை நிறைத்தன. பேராசிரியர் ஜெயரத்தினம் முதலானோர் நாட்டு வைத்தியசாலைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரை அதிர்ச்சியளிப்பதாக இருந்தது. பீடைகொல்லி நஞ்சினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பான்மையோர் வாழ்வை வெறுத்துத் தாமே நஞ்சருந்தியவர்கள். ஒரு கணத்துக் கோபமும் ஒரு கணத்துத் துயரமும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த போத்தலினால் மீளாத முடிவாகின.

இச்சூழலில் நிறைவேறியதே 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பீடைகொல்லிகளுக்கு அனுமதி வழங்குவதும், அவற்றின் இறக்குமதி, பொதியிடல், சுட்டுத்துண்டு, களஞ்சியப்படுத்தல், போக்குவரத்து, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதும் இதன் நோக்கம். பதிவாளர் பதவியும், அவருக்குத் துணைநிற்கும் நிபுணர் குழுவும் இச்சட்டத்தினால் உண்டாயின. 1994இலும் 2011இலும் சட்டம் திருத்தப்பட்டது. மருந்து விற்கும் கடைக்காரரும் பயிற்சி பெற்றுச் சான்று வைத்திருக்கவேண்டும் என்ற முறையும் நிலைபெற்றது. போத்தலின் சுட்டுத்துண்டு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அமையவேண்டும் என்ற விதி, தமிழ்பேசும் உழவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் பெரும் உரிமையாகும்.

பதிவேடு கையில் இருந்தமையால் அரசாங்கம் ஓர் அரிய காரியத்தைச் செய்ய முடிந்தது. எந்த நஞ்சு மிகுதியாக உயிரைக் கொள்கிறது என்று வைத்தியர்கள் காட்ட, அந்த நஞ்சைப் பதிவிலிருந்து நீக்கும் வழி பிறந்தது. 1984இல் பரத்தியன் வகைகள் விலக்கப்பட்டன. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் ஆகியவற்றுடன், மிகக் கொடியன என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த நஞ்சுகளின் வாயில் அடைக்கப்பட்டது. 1998இல் எண்டோசல்பன் சென்றது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் ஆகியவை படிப்படியாக நீக்கப்பட்டன. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அதன் பின் அவ்வீதம் தொடர்ந்து இறங்கியது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். துயரம் நாட்டை விட்டு நீங்கிவிடவில்லை. நஞ்சருந்துவோரும் இல்லாமற் போகவில்லை. ஆனால் அருந்தியவர் பிழைத்து எழுந்து, மீண்டும் வாழும் வாய்ப்பைப் பெற்றனர்.

கடும் மருந்துகளை நீக்கினால் விளைச்சல் குன்றும் என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சம் மெய்யாகவில்லை. பதிவாளராகப் பணியாற்றிய காமினி மனுவீரவும் பிற அறிஞரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தடைகளுக்குப் பின்னர் பயிர் விளைச்சலில் வீழ்ச்சி காணப்படவில்லை என்று காட்டியது. ஒவ்வொரு நஞ்சாக ஆராய்ந்து, அதற்கு மாற்று உண்டா என்று பார்த்து, காலம் கொடுத்து நீக்கியதன் பலன் இது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தையும் விவசாய இரசாயனங்களையும் ஒருசேரத் தடைசெய்த ஆணை, உழவரின் பெருந்துன்பத்துக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் மீளப் பெறப்பட்டதை நேயர்கள் அறிவர். முன்னது அறிவின் தடை. பின்னது அவசரத்தின் தடை.

இவ்வாறு 1924இல் பீடையை நோக்கிய சட்டம், 1980இல் போத்தலை நோக்கியது. பின்னர் கடையையும் நோக்கியது. ஆனால் தன் நிலத்துக்குத் தெளிக்கும் உழவரிடமோ, நாட்சம்பளத்துக்குத் தோட்டத்தில் தெளிக்கும் தொழிலாளியிடமோ தேர்ச்சிச் சான்று கேட்பது நாட்டின் நடைமுறையாகவில்லை. இது சட்டம் செய்தோரின் மறதியன்று. அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்துப் பயிரிடும் பல இலட்சம் குடும்பங்களுக்குப் பரீட்சை வைத்துப் பத்திரம் வழங்குவது எளிதா? வழங்கினாலும், மாலை வேளையில் மலைச்சரிவில் தெளிப்பவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கும் உத்தியோகத்தர் யார்? பயிற்சியில்லாத அனுமதிப்பத்திரம் வெறும் வரியாகிவிடும். ஏழையைத் தண்டிக்கும் கருவியாகவும் ஆகிவிடும். ஆதலின் கோடிக்கணக்கான தெளிப்புகளைக் காவல் செய்வதை விட, சில நூறு போத்தல்களைக் காவல் செய்வதே ஆகக்கூடியது என்று சட்டம் கருதியது. நஞ்சு கொடியதாயின் அதைக் கையாளக் கற்பிப்பதினும், அது நாட்டுக்குள் வராமற் செய்வதே மேல். காக்கப்பட்ட உயிர்களின் தொகை இம்முடிவின் நியாயத்தை உரைக்கும்.

ஆயினும் போத்தலைக் காப்பதனால் மட்டும் எல்லாம் நிறைவேறிவிடுமா? ஒரு மருந்தை விலக்கினால், கை வேறொரு மருந்தை நாடும். 2015இல் கிளைபொசேற் என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. புல்லை அடக்க வழியறியாத தோட்டங்களிற் சில எம்.சி.பி.ஏ. என்னும் வேறு மருந்தைக் கையாண்டன. அதன் எச்சம் இலங்கைத் தேயிலையிற் காணப்பட்டதாக 2018இல் ஜப்பான் முறையிட்டது. அதே ஆண்டு யூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேற் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எந்த மருந்தை எந்தப் பயிருக்கு, எந்த அளவில், அறுவடைக்கு எத்தனை நாளுக்கு முன் தெளிக்கலாம் என்ற அறிவு கையோடு சேராவிடில், பதிவேட்டின் காவல் மலையின் அடிவாரத்தோடு நின்றுவிடும்.

1976இல் பாகிஸ்தானில் நிகழ்ந்தது இதனை மேலும் விளக்கும். மலேரியாவை ஒழிக்க மலத்தியன் தெளித்த பணியாளர் ஏறத்தாழ 7,500 பேருள் 2,800 பேர் வரை நஞ்சேறி நோயுற்றனர், ஐவர் இறந்தனர். ஆராய்ந்தபோது இரு குற்றங்கள் வெளிப்பட்டன. சில வகை மருந்துப் பொடியில் நச்சுமிக்க மாசு கலந்திருந்தது. பணியாளரோ மருந்தை வெறுங்கையால் கலந்தும், நனைந்த உடையை நாள் முழுதும் அணிந்தும் வேலை செய்தனர். மருந்தும் மாற்றப்பட்டது, வேலைமுறையும் திருத்தப்பட்டது. நோய் தணிந்தது. போத்தலும் கையும் ஒருங்கே காக்கப்பட்டால்தான் மனிதர் பிழைப்பர். 2017இல் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தனர். பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்து அரை நூற்றாண்டு ஆகவிருந்த நாட்டில் இது நிகழ்ந்தது. நஞ்சை உண்டு மடிந்தவர்கள் அல்லர் அவர்கள்; வேலை செய்து மடிந்தவர்கள்.

கண்டிச் சீமையின் மலைகளில் மருந்தடிக்கும் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதினாறு லீற்றர் வரை நீர் கொள்ளும் தெளிகருவியை முதுகில் சுமந்து, ஒரு கையால் நெம்பையும் மறு கையால் குழாயையும் இயக்கி, வழுக்கும் சரிவில் ஏறி இறங்குபவர் தோட்டத் தொழிலாளி. இறப்பர்க் கையுறையும் முகமூடியும் நீண்ட உடையும் அணிக என்று சுட்டுத்துண்டு கூறுகிறது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட அந்த அறிவுரை, வெயிலில் மலையேறுபவருக்கு மூச்சுமுட்டும் சுமையாகிறது. எனவே கையுறை பையிலும், முகமூடி கழுத்திலும் தங்கிவிடுகின்றன. கூடிய கேடு நேர்வது தெளிக்கும்போது அன்று, கடும்மருந்தை அளந்து கலக்கும்போதே என்பதை அறிந்தவர், அந்தச் சில நிமிடங்களுக்காவது கையுறையை அணிவார். அறியாதவர் முழுவதையும் கைவிடுவார். காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்ப்பதும், அடைத்த குழாய்முனையை வாயால் ஊதாதிருப்பதும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், நனைந்த உடையை வீட்டு உடையோடு சேர்த்துத் துவைக்காதிருப்பதும் சிறிய செய்திகள்தாம். கற்பிக்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் பலருக்குக் கிடைத்ததில்லை.

மொழியும் இங்கே ஒரு வாயில். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. அதற்கு முன் பிள்ளைப் பருவத்தைக் கழித்த தலைமுறையிற் பலருக்கு எழுத்தறிவு எட்டாக் கனியாக இருந்தது. சுட்டுத்துண்டில் தமிழ் இருப்பது உரிமை. அதை வாசிக்கக் கூடியவராய் இருப்பது வேறு. மிக நுண்ணிய எழுத்தில் அச்சிட்ட தமிழை, மருந்து பட்ட கையோடு, மழைத்தூறலில் நின்று வாசிப்பவர் எத்தனை பேர்? வாய்மொழியால் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் வேண்டும். ஏற்றுமதிச் சந்தையின் தரச்சான்றை நாடும் தோட்டங்கள் சில, மருந்தடிப்போருக்குப் பயிற்சி அளித்துப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்நிய நாட்டு நுகர்வோரின் நலத்துக்காகச் செய்யக்கூடியதைச் சொந்த நாட்டுத் தொழிலாளியின் நலத்துக்காகவும் செய்யலாம் அன்றோ?

இதிலே நகரத்தாருக்கும் பங்குண்டு. நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வரும் மகாவலியே பேராதனையைத் தழுவி ஓடுகிறது. கெட்டம்பேயில்தான் கண்டி மாநகர சபை ஆற்றுநீரை எடுத்துச் சுத்திகரித்து நகருக்கு வழங்குகிறது. மேட்டுநிலத்தில் தெளிகருவியைக் கழுவும் நீர் எந்த ஓடையில் விழுந்தாலும், அந்த ஓடை சேர்வது அந்த ஆற்றையே. போத்தலுக்கு அனுமதி எழுதும் அலுவலகமும், நகரின் குடிநீர் நிலையமும் ஒரே ஊரில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். மலையில் ஒருவர் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம், நகரில் மற்றொருவரின் குவளை நீரைக் காக்கிறது என்பது தற்செயலன்று.

அனுமதிப்பத்திரம் என்றவுடன் தண்டப்பணத்தையும் பொலிசாரையும் நினைப்பது வழக்கம். தெளிப்பவரின் பத்திரம் அவ்வாறு தொடங்குதல் கூடாது. தன் நிலத்தில் பயிரிடும் சிறு உழவருக்கு அது விவசாயப் போதனாசிரியர் வழங்கும் இலவசப் பயிற்சியின் சான்றாக இருக்கட்டும். ஆட்களை வைத்து மருந்தடிக்கும் தோட்டத்துக்கும் கம்பனிக்குமோ அது கட்டாயமாக இருக்கட்டும். பயிற்சி பெறாத ஒருவர் முதுகில் தெளிகருவியை ஏற்றுவது முதலாளியின் குற்றமாகட்டும். பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டு என்றும், தொழிலாளியின் தாய்மொழியிலேயே பயிற்சி நடக்கும் என்றும், சான்றில்லாதவர் மருந்தடிக்க மறுத்தால் அவர் வேலையை இழக்கமாட்டார் என்றும் விதி எழுதப்படட்டும். அப்போது அந்தத் தாள் தொழிலாளியைக் கட்டுப்படுத்தும் தளையாக இராது. ‘இதை எனக்குக் கற்றுத்தந்த பின்னரே என் கையில் தா’ என்று அவர் கேட்பதற்கு உரிய ஆதாரமாக இருக்கும்.

கோப்பி அழிந்தபோது பயிரைக் காக்க அறிஞர்கள் பேராதனைக்கு வந்தனர். மக்கள் மடிந்தபோது போத்தலைக் காக்கப் பதிவாளர் வந்தார். ஒவ்வொரு முறையும் இந்நாடு இழப்பைக் கண்ட பின்னரே கற்றது. தெளிக்கும் கையைக் காக்கும் விதியாவது, இழப்பின் கணக்கை எதிர்பாராது முன்கூட்டியே எழுதப்படுமாயின், ஒன்றரை நூற்றாண்டுப் பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.